குளிர் அறையில் பிறந்த புரதம்

போன மாதம் எங்கள் பழைய ஆய்வுக்கூடத்திலிருந்து ஓர் இளம் பெண் தொலைபேசியில் கூப்பிட்டாள். ஆராய்ச்சி மாணவி. அங்கே புதிதாக ஓர் இயந்திரம் வந்திருக்கிறதாம். ஒரு துளி புரதத்தை உள்ளே விட்டால், அது எந்தப் புரதம், எந்த உயிருடையது, முழுசா, உடைந்த துண்டா என்பது வரைக்கும் மதியச் சாப்பாட்டுக்குள் சொல்லிவிடுமாம். "நீங்கள்லாம் இது இல்லாம எப்படி மேடம் கண்டுபிடிச்சீங்க? தப்பாப் போயிருந்தா எப்படித் தெரியும்?" என்று கேட்டாள். முதல் கேள்விக்குப் பத்து நிமிடத்தில் பதில் சொல்லிவிட்டேன். இரண்டாவதற்கு, "எழுதி அனுப்புறேம்மா" என்றேன். எழுத உட்கார்ந்தால் இத்தனை பக்கம் வந்துவிட்டது.

என் பெயர் ருக்மணி. மதுரைக்குள்ளேயே பிறந்து வளர்ந்தவள். வீட்டில் சௌராஷ்டிரம் பேசுவோம். விலங்கியலில் பட்டம் வாங்கிய கையோடு, எழுபதுகளின் நடுவில், திருப்பரங்குன்றத்தைத் தாண்டி இருந்த ஓர் ஆய்வுக்கூடத்தில் தற்காலிக உதவியாளராகச் சேர்ந்தேன். முதல் இரண்டு வருடம் கண்ணாடி கழுவினேன். அதைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. சோப்பு ஒரு துளி ஒட்டியிருந்தாலும் மறுநாள் செல்கள் செத்துக் கிடக்கும். அதனால் ஒரு புட்டியைப் பன்னிரண்டு முறை அலசக் கற்றேன். மூன்றாம் வருடம் செல் வளர்க்கவும், புரதங்களை எடைவாரியாகப் பிரிக்கிற ஜெல் ஊற்றவும் விட்டார்கள். எனக்குக் கைவேலை நன்றாக வரும். இதைச் சொல்ல நான் கூச்சப்படவில்லை. நான் ஊற்றிய ஜெல்லில் குமிழி இருந்ததாக யாரும் சொன்னதில்லை.

எங்கள் தலைவி டாக்டர் ஞானசௌந்தரி. நாங்கள் எல்லோரும் 'மேடம்' என்போம். குள்ளமான உருவம், கஞ்சி போட்ட பருத்திச் சேலை, கொண்டையில் செருகிய அரைப் பென்சில். குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை. நாம் முடிவு பதிந்த ஒரு எக்ஸ்ரே பிலிமைக் கொண்டுபோய் நீட்டினால் ஜன்னல் பக்கம் திரும்பி மேலிருந்து கீழாகப் பார்ப்பார். பிறகு பிலிமைப் புரட்டிப் பின்பக்கமாக இன்னொரு முறை பார்ப்பார். ஏன் என்று ஒருநாள் கேட்டேன். "முன்பக்கம் பார்த்தா நான் எதிர்பார்த்ததுதான் தெரியும். திருப்பிப் பார்த்தா அங்க என்ன இருக்கோ அது தெரியும்" என்றார். அதற்கப்புறம் ஒரே கேள்வி வரும்: "வேற ஏதாவதா இருக்கக்கூடுமா?" இந்தக் கேள்விக்குப் பதில் தயார் செய்யாமல் அவர் அறைக்குள் போகிறவர்கள் உடனே வெளியே வந்துவிடுவார்கள்.

நாங்கள் ஆராய்ந்துகொண்டிருந்தது ஹெர்பஸ் வைரஸை. உதட்டில் கொப்புளம் போடுகிற அதே வைரஸ். சிலருக்கு அது கண்ணில் வரும். கருவிழியில் புண்ணாகி, ஆறும்போது வெள்ளைத் தழும்பு விட்டுப் பார்வையைக் கெடுக்கும். மேலூர்ப் பக்கம் கல் உடைக்கிற ஒருவரின் கண்ணிலிருந்து ஒரு மருத்துவர் பஞ்சால் ஒற்றி எடுத்து அனுப்பியிருந்தார். அது எங்கள் புட்டியில் நன்றாக வளர்ந்தது. புட்டியின் மேல் 'மேலூர்' என்றே எழுதி ஒட்டினோம். அந்த மனிதரை நான் பார்த்ததில்லை. ஆனால் அவர் கண்ணில் இருந்த வைரஸை ஆறு வருடம் ஊட்டி வளர்த்தேன்.

வைரஸ் ஒரு செல்லுக்குள் புகுந்ததும் தன் டி.என்.ஏ.வை ஆயிரக்கணக்கில் படியெடுக்க வேண்டும். அதற்குச் சில புரதங்களைச் செய்துகொள்கிறது. அந்தப் புரதங்கள் டி.என்.ஏ.வைப் பற்றிப் பிடித்தால்தான் வேலை நடக்கும். எவை பிடிக்கின்றன, எத்தனை இருக்கின்றன, எப்படிப் பிடிக்கின்றன என்பதுதான் எங்கள் கேள்வி.

அவற்றை நாங்கள் பிரித்தெடுக்கிற முறையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். பின்னால் நடந்தது அதில்தான் இருக்கிறது. செல்களுக்கு வைரஸைக் கொடுத்துச் சில மணி நேரம் கழித்து, கதிரியக்கமுள்ள கந்தகம் சேர்ந்த உணவைக் கொடுப்போம். அப்போது புதிதாக உருவாகும் புரதங்களில் அந்தக் கந்தகம் ஏறிக்கொள்ளும். பிறகு செல்களைச் சுரண்டி எடுத்து, உடைத்து, உப்பு நிறைந்த நீரில் சாறு எடுப்போம். சாற்றின் உப்பை மெல்லக் குறைத்து, ஒரு கண்ணாடிக் குழாயில் ஊற்றுவோம். குழாய்க்குள் செல்லுலோஸ் பொடி இருக்கும். அதன் மேல் டி.என்.ஏ. ஒட்டியிருக்கும். டி.என்.ஏ.வைப் பிடிக்கத் தெரியாத புரதம் எல்லாம் சொட்டுச் சொட்டாகக் கீழே போய்விடும். பிடிக்கத் தெரிந்தது மட்டும் தொங்கிக்கொண்டு நிற்கும். அப்புறம் உப்பைப் படிப்படியாகக் கூட்டினால் பிடி தளர்ந்து ஒவ்வொன்றாக இறங்கும். பலவீனமாகப் பிடித்தது முதலில், இறுக்கமாகப் பிடித்தது கடைசியில். இறங்கியவற்றை ஜெல்லில் ஓட்டி, காயவைத்து, எக்ஸ்ரே பிலிமோடு சேர்த்து மூடிவைத்தால், நாலைந்து நாளில் ஒவ்வொரு புரதமும் கனமானது மேலே, லேசானது கீழே என்று தன் எடைக்கு ஏற்ற இடத்தில் ஒரு கறுப்புப் பட்டையாக விழும். கூடவே வைரஸ் கொடுக்காத செல்லுக்கும் இதே வேலையைச் செய்வோம். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், வைரஸ் பக்கத்தில் மட்டும் இருப்பது வைரஸுடையது.

குழாய்க்கு வேண்டிய டி.என்.ஏ.வை வெளிநாட்டிலிருந்து வாங்கக் கட்டுப்படியாகாது. இறைச்சிக் கடைகளில் ஆட்டுக்குட்டியின் கழுத்துச் சுரப்பியைச் சொல்லிவைத்து வாங்கி, நானே பிரித்தெடுப்பேன். சாற்றின் மேல் ஆல்கஹாலை மெல்ல ஊற்றிக் கண்ணாடிக் குச்சியைச் சுழற்றினால் வெள்ளை வெளேரென்று நூலாய்ச் சுற்றிக்கொண்டு வரும். பஸ்ஸில் ஐஸ் பெட்டியோடு நான் ஏறினால் கண்டக்டர் தூரத்து ஸீட்டைக் காட்டுவார்.

குழாய் வேலை முழுவதும் குளிர் அறையில்தான். நான்கு டிகிரி. காலையில் ஆரம்பித்தால் சாயங்காலம்வரை சொட்டும். ஒவ்வொரு ஓட்டத்துக்கும், அதாவது ஒவ்வொரு தடவை சாறு விடும்போதும், ஒரு தாள். அதில் தேதி, வைரஸ், உப்பின் அளவு, அறையின் வெப்பம் எல்லாம் எழுத வேண்டும். எழுதுவது என் வேலை.

என்னோடு இந்த வேலையில் இருந்த ஆராய்ச்சி மாணவர் தவமணி. வாடிப்பட்டிக்காரர், விவசாயக் குடும்பம், அவர்கள் வகையறாவில் முதுகலைவரை படித்த முதல் ஆள். என்னைவிட நாலு வயது இளையவர். நல்ல உழைப்பாளி, ஆனால் அவசரக்காரர். பிலிம் இன்னும் ஈரமாக இருக்கும்போதே தூக்கிக்கொண்டு ஓடுவார்.

டி.என்.ஏ.வைப் பிடிக்கிற பெரிய வைரஸ் புரதம் ஒன்று இருப்பது வெளிநாட்டில் ஏற்கெனவே தெரியும். கிலோடால்டன் என்கிற அளவில் அதன் எடையை வைத்து அதை நாங்கள் 'நூற்று முப்பது' என்போம். எங்கள் பிலிமிலும் அது மேலே கட்டியாக விழும். ஒரு சித்திரை மாதம் பிலிமைக் கழுவித் தொங்கவிட்டபோது, கீழே யாரும் சொல்லாத இடத்தில் ஒரு பட்டை இருந்தது. எடை நாற்பத்தைந்து. வைரஸ் பக்கத்தில் மட்டும். அதை முதலில் பார்த்தவள் நான்தான்.

"தம்பி, இங்க வாங்க. இது என்னன்னு பாருங்க" என்றேன்.

தவமணி பார்த்தார். மூக்கு பிலிமில் ஒட்டுகிற மாதிரி குனிந்து பார்த்தார். "அக்கா, இது எவனும் எழுதலியேக்கா!"

அந்தக் கோடை முழுவதும் அந்தப் பட்டையைத் துரத்தினோம். ஒன்பது ஓட்டம். பெரும்பாலானவற்றில் வந்தது, இரண்டில் வரவே இல்லை. வராதவற்றுக்கு வைரஸ் சரக்கு பழசு என்று தவமணி காரணம் சொன்னார். மேடம் தன் வழக்கமான கேள்வியைக் கேட்டார். வைரஸ் கொடுக்காத செல்லில் இல்லை, வேறு வகைச் செல்லில் வளர்த்தாலும் வருகிறது, அதனால் வைரஸுடையதுதான் என்றோம். அவருக்கு முழுத் திருப்தி இல்லை என்பது முகத்தில் தெரிந்தது. ஆனாலும் கட்டுரை தட்டச்சாகி ஒரு வெளிநாட்டு இதழுக்குப் போனது. தவமணி பெயர் முதலில், மேடம் பெயர் கடைசியில், நடுவில் என் பெயர். அச்சில் என் பெயர் வரப்போவது அதுவே முதல் தடவை.

ஐப்பசியில் பதில் வந்தது. ஏற்றுக்கொள்கிறோம், படம் தெளிவாக இல்லை, இன்னும் ஒரு நல்ல பிலிம் அனுப்புங்கள், அவ்வளவுதான். தவமணி அன்று எல்லோருக்கும் ஜிகர்தண்டா வாங்கித் தந்தார்.

ஒரே ஒரு நல்ல பிலிம். எடுத்தோம். பட்டை இல்லை. புது வைரஸ் சரக்கு வைத்து மறுபடி எடுத்தோம். இல்லை. மூன்றாவது தடவை நூற்று முப்பது மேலே மை ஊற்றினாற்போல் கறுகறுவென்று நின்றது. நாற்பத்தைந்து இருந்த இடம் கழுவிவிட்ட தரை மாதிரி இருந்தது.

"நீங்க ஏதோ மாத்திட்டீகக்கா" என்றார் தவமணி. அவர் அப்படிப் பேசி நான் கேட்டதில்லை.

"நான் எதையும் மாத்தல தம்பி. அதே உப்பு, அதே குழாய், அதே கை."

"அப்ப அது எங்கக்கா போச்சு?"

அந்தக் கோபத்தோடு நான் குளிர் அறைக்குப் போனேன். அங்கே மாயாண்டி அண்ணன் கம்ப்ரசருக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார். குளிர் அறையும் ஜெனரேட்டரும் அவர் பொறுப்பு. என் முகத்தைப் பார்த்துவிட்டு, "என்ன தங்கச்சி, சரியா வரலியா?" என்றார்.

"மூணு தடவை போட்டாச்சுண்ணே. கோடையில வந்தது இப்ப வரமாட்டேங்குது."

"என்ன தங்கச்சி இப்புடிச் சொல்ற! இப்பத்தான் ரூமு ரூமாட்டம் இருக்கு. மழை பேஞ்சு கரண்டு கட்டே இல்லை. சித்திரை வைகாசியில என்னா பாடுபட்டோம்? தெனம் ரெண்டு மணி நேரம், மூணு மணி நேரம். ஜெனரேட்டரு பெரிய பிரீசருக்கே பத்தாது. இந்த ரூமு அம்புட்டு நேரமும் சும்மாதானே கெடந்துச்சு."

என் தாள்களில் சித்திரையிலும் வைகாசியிலும் எல்லா ஓட்டத்துக்கும் 'நான்கு டிகிரி' என்று எழுதியிருந்தது. என் கையெழுத்து. காலையில் குழாயைத் தொடங்கும்போதே தாளை நிரப்பிவிடுவேன். குளிர் அறை என்றால் நான்கு. அதற்கு எதற்கு ஒவ்வொரு தடவையும் தர்மாமீட்டரைப் பார்ப்பது என்ற நினைப்பு. அறை புழுங்கியது எனக்குத் தெரியாதா என்றால் தெரியும். முந்தானையால் விசிறிக்கொண்டு சொட்டு எண்ணியிருக்கிறேன். ஆனாலும் தாளில் நான்கு என்றுதான் இருந்தது.

மாயாண்டி அண்ணனிடம் ஒரு நோட்டு உண்டு. மின்சாரம் போன நேரம், வந்த நேரம் எல்லாம் அதில் குறிப்பார். அதை வாங்கிக்கொண்டு போய் ஒன்பது பிலிம்களையும் ஒளிப்பெட்டியின் மேல் வரிசையாகப் பரப்பினேன். மின்சாரம் அதிக நேரம் போன நாட்களில் நாற்பத்தைந்து கறுப்பாக இருந்தது. போகாத இரண்டு நாட்களில் இல்லை. ஒரே ஒரு நாள் மட்டும் கணக்கில் அடங்கவில்லை. அது ஏன் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. இன்னொன்றும் தெரிந்தது, எப்போதோ பார்த்திருக்க வேண்டியது: நாற்பத்தைந்து கறுத்த பிலிம்களில் எல்லாம் மேலே நூற்று முப்பது வெளிறியிருந்தது.

செல்லை உடைத்தால் அதற்குள் இருக்கிற, மற்றப் புரதங்களை வெட்டித் தின்கிற புரதங்களும் வெளியே வந்துவிடும். குளிரில் அவை தூங்கும். சூடு ஏறினால் வேலையைத் தொடங்கும். நாங்கள் கண்டுபிடித்த புதுப் புரதம் பழைய புரதத்தின் உடைந்த துண்டு. வைரஸ் கொடுக்காத செல்லில் அது வராததற்குக் காரணம், அங்கே உடைவதற்கு நூற்று முப்பதே இல்லை.

அன்று சனிக்கிழமை. ஞாயிறு முழுவதும் வீட்டில் யாரோடும் சரியாகப் பேசவில்லை. அடுத்த மாதம் என் வேலையை நிரந்தரமாக்குவது பற்றிக் குழு கூடுவதாக இருந்தது. மேடத்தின் பரிந்துரைதான் அதற்கு ஆதாரம். நான் வாயைத் திறக்காமல் இருந்தால் என்ன ஆகும் என்று யோசித்தேன். பழைய பிலிம்களில் ஒன்றையே பெரிதாக்கி அனுப்பிவிடலாம். தவமணி அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார். அச்சாகிவிடும். உலகத்தில் எங்கேயோ ஒருவர் அதைத் திரும்பச் செய்து பார்த்து, தன் பிலிமில் வரவில்லையே என்று நாள்கணக்கில் மண்டையை உடைத்துக்கொள்வார். நான் மூன்று வாரம் உடைத்துக்கொண்ட மாதிரி. அந்த நினைப்புதான் என்னைத் தள்ளியது என்று நினைக்கிறேன். பெரிய நேர்மை என்று சொல்லிக்கொள்ள மாட்டேன்.

திங்கள் காலை மேடம் அறைக்குப் போனபோது தவமணியும் அங்கே இருந்தார். நல்லதாகப் போயிற்று, இரண்டு தடவை சொல்ல வேண்டாம் என்று பிலிம்களையும் மாயாண்டி அண்ணனின் நோட்டையும் என் தாள்களையும் மேசையில் வைத்தேன்.

"மேடம், நாற்பத்தைந்து தனிப் புரதம் இல்லன்னு நினைக்கிறேன். நூற்று முப்பதோட துண்டு. கரண்டு இல்லாத நாள்ல உடைஞ்சிருக்கு."

"உன் தாள்ல நாலு டிகிரின்னு இருக்கே."

"பார்க்காம எழுதினேன் மேடம்."

"எத்தனை நாள்?"

"எல்லா நாளும்."

தவமணி எழுந்து நின்றுவிட்டார். "எல்லா நாளுமாக்கா? மூணு வருசம்க்கா. எம் மூணு வருசத்தையும் நீங்க அந்தத் தாள்லயே முடிச்சிட்டீக." அவர் போனபின் கதவு ஆடிக்கொண்டிருந்தது.

மேடம் கண்ணாடியைக் கழற்றிச் சேலைத் தலைப்பால் துடைத்தார். பிறகு பென்சிலைக் கொண்டையிலிருந்து உருவி மறுபடி செருகிவிட்டு, பேனாவை எடுத்து என்னிடம் நீட்டினார்.

"உட்கார். ஒவ்வொரு தாள்லயும் அந்த நாலை அடி. ஒரே கோடு. கீழே இருக்கிறது படிக்கிற மாதிரி இருக்கணும். பக்கத்தில 'அளக்கப்படவில்லை'ன்னு எழுதி இன்னைக்குத் தேதி போட்டுக் கையெழுத்துப் போடு."

"வேற தாள்ல எழுதித் தரட்டுமா மேடம்?"

"வேண்டாம். இதுலதான்."

அவர் எதிரிலேயே உட்கார்ந்து, குழாய் வேலை தொடங்கிய நாளிலிருந்து சேர்ந்த நாற்பத்தோரு தாள்களிலும் எழுதினேன். அவர் ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் சீக்கிரம் முடிந்திருக்கும். கடைசித் தாளை வாங்கிக்கொண்டு, "இதழுக்கு நான் இன்னைக்கே எழுதிடறேன், கட்டுரையைத் திரும்ப வாங்கிக்கிறோம்னு. குழுவுக்கும் எழுதணும். ரெண்டையும் எழுதுவேன், நீ செஞ்சதையும், நீயே வந்து சொன்னதையும். புரியுதா?" என்றார். புரிகிறது என்றேன். "சரி. இது உன்னோட யூகம்தான். துண்டுன்னு நிரூபிச்சிட்டியா? போய் நிரூபி."

தவமணி அடுத்த நாள் வரவில்லை. வாடிப்பட்டிக்குப் போய்விட்டதாக விடுதியில் சொன்னார்கள். மேடம் ஒரு வாரம் பார்த்தார். "அவன் இல்லாம இதைச் செய்யக் கூடாதுதான். ஆனா கந்தகம் காத்திருக்காது" என்றார். கதிரியக்கக் கந்தகம் பம்பாயிலிருந்து வந்து இறங்கியாயிற்று. அதன் கதிர்வீச்சு நாளுக்கு நாள் தேய்ந்துகொண்டிருந்தது.

ஒரே சாற்றை இரண்டாகப் பிரித்தேன். ஒரு பாதி ஐஸில், வெட்டும் புரதங்களை முடக்குகிற மருந்தும் சேர்த்து. இன்னொரு பாதி, மின்வெட்டு நாள் மாதிரியே குளிர் நின்ற அறையில். அதற்கு மின்வெட்டு வேண்டுமே. மேடமே மாயாண்டி அண்ணனிடம் போய், "மூணு மணி நேரம் ரூமை நிறுத்துங்க" என்றார்.

"ஏம்மா, கோடை பூராவும் ரூமு நின்னுருச்சுன்னு ஆளாளுக்கு என்னைய வஞ்சீக. இப்ப நானே நிப்பாட்டணுமாக்கும்?" என்றவர், சுவிட்சை அணைத்துவிட்டு ஒரு ஸ்டூலைப் போட்டு வாசலிலேயே உட்கார்ந்தார். உள்ளே ஒரு தர்மாமீட்டர், கதவோரம் ஒன்று. கால் மணிக்கு ஒரு தடவை பார்த்துப் பார்த்து எழுதினேன்.

இரண்டு பாதியையும் தனித்தனிக் குழாயில் விட்டு, ஜெல்லில் ஓட்டி, ஐந்து நாள் கழித்துப் பிலிமைக் கழுவினேன். ஐஸ் பாதியில் நாற்பத்தைந்து இல்லை. சூடான பாதியில் இருந்தது. அதோடு விடாமல், இரண்டு பட்டைகளையும் ஜெல்லிலிருந்து பிளேடால் வெட்டி எடுத்து, ஒரு நொதியால் துணுக்குகளாக்கிப் பக்கத்தில் பக்கத்தில் ஓட்டினோம். நாற்பத்தைந்தின் துணுக்கு ஒவ்வொன்றுக்கும் ஜோடி நூற்று முப்பதின் பக்கத்திலும் இருந்தது. விஷயம் முடிந்தது என்று நினைத்தேன்.

மேடம் பிலிமைப் பார்த்தார். புரட்டிப் பார்த்தார். வழக்கமான கேள்வி வரவில்லை. வேறு ஒன்று கேட்டார்.

"உடைஞ்ச துண்டுன்னா, அது ஏன் குழாயில ஒட்டிச்சு?"

பென்சிலைக் கொண்டையிலிருந்து உருவி, ஒரு தாளில் நீளக் கோடு போட்டு மூன்றாக வெட்டினார்.

"நூற்று முப்பது உடைஞ்சா ரெண்டு மூணு துண்டு வந்திருக்கணும். மத்ததெல்லாம் எங்க? கீழே சொட்டிப் போயிருச்சு. இது மட்டும் ஏன் தொங்கிக்கிட்டு நிக்குது?"

உடனே போய், நாற்பத்தைந்து இறங்கிய திரவத்தை எடுத்து, உப்பைக் குறைத்து, புதிதாகக் கட்டிய குழாயில் தனியாக ஊற்றினேன். கூட நூற்று முப்பது இல்லை. யார் தோளிலும் தொற்றிக்கொண்டு நிற்க வழியில்லை. சில நாள் கழித்துப் பிலிம் வந்தது: அது தானாகவே டி.என்.ஏ.வைப் பிடித்திருந்தது. பெரிய புரதத்தைவிடக் கொஞ்சம் குறைந்த உப்பிலேயே இறங்கியது, ஆனால் பிடித்தது. அதாவது அந்தப் பெரிய புரதத்தில் டி.என்.ஏ.வைப் பற்றுகிற பகுதி எதுவோ, அது இந்தத் துண்டுக்குள் இருந்தது. நாங்கள் அறிந்தவரை அதை அப்போது யாரும் சொல்லியிருக்கவில்லை.

"தவமணிக்குத் தந்தி கொடுக்கவா மேடம்?"

"தந்தியில பிலிம் போகுமா?" என்றார்.

மறுநாள் காலை பிலிமை ஒரு பழைய காலண்டர் அட்டைக்குள் வைத்துக்கொண்டு வாடிப்பட்டி பஸ் ஏறினேன். விசாரித்துக்கொண்டு போனால், நடவு நடந்துகொண்டிருந்த வயலில் இருந்தார். முழங்காலுக்கு மேல் மடித்துக் கட்டிய வேட்டி, கையில் நாற்றுமுடி. என்னைப் பார்த்ததும் முகம் இறுகியது. வரப்புக்கு வரவில்லை.

"நான் வரலக்கா. போயிருங்க."

"வர வேண்டாம் தம்பி. இதைப் பார்த்துட்டு நாத்தை நடுங்க" என்று பிலிமை வெளியே எடுத்து வானத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்தேன்.

வரப்பில் நின்றிருந்த அவருடைய அப்பா, தலைப்பாகைக்காரர், கண்ணைச் சுருக்கிக்கொண்டு வந்து பார்த்தார். "யாருக்குத் தாயி எலும்பு ஒடஞ்சுபோச்சு?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தவமணிக்கும் உதட்டோரம் சிரிப்பு வந்தது. சேற்றிலிருந்து காலை உருவிக்கொண்டு வந்தார். ஈரக் கையை வேட்டியில் துடைத்துவிட்டு, பிலிமின் ஓரத்தை மட்டும் பிடித்தார். பெரிய பட்டை இருக்க வேண்டிய இடத்தைப் பார்த்தார், அது காலி. கீழே பார்த்தார்.

"தனியாவா ஊத்துனீக?"

"தனியாத்தான்."

"தனியாவே ஒட்டுச்சா?"

"ஒட்டிச்சு. கழுவிக் கழுவிப் பார்த்தேன். உப்பைக் கூட்டினப்புறம்தான் இறங்குச்சு."

அவர் பிலிமைத் திருப்பிப் பின்பக்கமாகப் பார்த்தார். பிறகு வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டார். "இத்தனை நாளாத் தூங்கலக்கா. உங்களை அம்புட்டு வஞ்சேன் மனசுக்குள்ள" என்றார்.

"வைய வேண்டியதுதான். தப்பு என்னுது."

"ரூம்ல என்ன டிகிரி இருந்துச்சு?"

அவர் குத்திக் காட்டவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். கால் மணிக்கு ஒன்றாக எழுதிய தாளைக் கைப்பையிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். ஒவ்வொரு வரியாகப் படித்தார். படித்து முடித்துவிட்டு அவர் அப்பாவிடம், "நடவு முடியுமட்டும் இங்கதான் இருப்பேன்னு சொல்லியிருந்தேன். இப்பவே போறேம்ப்பா" என்றார்.

குழு கூடியது. மேடம் சொன்ன மாதிரியே இரண்டையும் எழுதியிருந்தார். என்னை நிரந்தரமாக்குவதை ஒரு வருடம் தள்ளி வைத்தார்கள். எனக்குப் பின்னால் சேர்ந்த இருவர் எனக்கு முன்னால் நிரந்தரமானார்கள். வலித்தது, இல்லை என்று சொன்னால் பொய். அந்த ஒரு வருடமும் நான் அந்த ஆய்வுக்கூடத்திலேயே மிகச் சுத்தமான தாள்களை எழுதினேன், மறு வருடம் உத்தரவு வந்தது. தவமணிக்கும் இழப்பு உண்டு. உதவித்தொகைக் காலம் முடிந்து, ஒரு கல்லூரியில் பாடம் நடத்திக்கொண்டே மீதி வேலையைச் செய்தார். இரண்டு வருடம் கூடுதலாக ஆனது. ஆனால் அவர் கையில் இருந்தது முன்னைவிடப் பெரிய விஷயம். சூட்டை நம்பாமல், அளந்து நொதி போட்டு நூற்று முப்பதை வேண்டிய இடத்தில் நறுக்கக் கற்றோம். துண்டு ஒவ்வொன்றையும் குழாயில் விட்டோம். எது ஒட்டுகிறது, எது போகிறது என்று படம் போட்டோம். கட்டுரை வெளிவந்தபோது நடுவில் என் பெயர் இருந்தது.

தவமணியின் முனைவர் பட்ட வாய்மொழித் தேர்வு ஒரு ஆனி மாதம் காலையில் நடந்தது. வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர், முதல் படத்தைக் காட்டி, சாற்றை வெப்பத்தில் வைத்துப் பார்க்க வேண்டும் என்று எப்படித் தோன்றியது என்று கேட்டார். தவமணி, "தோணல சார். கரண்டு போச்சு" என்றார். அரங்கில் எல்லோரும் சிரித்தார்கள். அவர் சிரிக்காமல், அந்தச் சூட்டைக் கண்டுபிடித்துச் சொன்னவர் பின்வரிசையில் இருக்கிறார் என்று என்னைக் கை காட்டினார். தேர்வாளர் திரும்பிப் பார்த்துத் தலையசைத்தார். மேடம் என் பக்கம் பார்க்கவே இல்லை, குறிப்பு எழுதிக்கொண்டிருந்தார்.

முடிந்து வெளியே வேப்பமரத்தடியில் காபி கொடுத்தார்கள். தவமணியின் அப்பா புதுச் சட்டை போட்டுக்கொண்டு வந்திருந்தார். மகனைச் சுற்றி ஆட்கள் நின்றதால் அவர் தனியாக நின்றார். என்னைக் கண்டதும் பக்கத்தில் வந்தார்.

"தாயி, எம்மகன் இத்தனை வருசமா என்னத்தைக் கண்டுபிடிச்சான்? அவங்கிட்டக் கேட்டா அது புரியாதும்பான். எனக்கு விளங்குற மாதிரி நீ சொல்லு."

"அய்யா, மனுசங்களுக்குக் கண்ணுல ஒரு கிருமி வருது. அது உடம்புக்குள்ள போனதும் நூல் மாதிரி ஒண்ணைப் புடிச்சு இழுத்துத்தான் பெருகும். எதை வச்சுப் புடிக்குதுன்னு ஊருக்கே தெரியும், பெரிய ஆளு ஒருத்தன். ஆனா அவன் எந்தக் கையால புடிக்கிறான்னு தெரியாம இருந்துச்சு. அந்தக் கையைத்தான் உங்க மகன் கண்டுபிடிச்சார்."

காபியைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தார். குடிக்கவில்லை.

"அப்ப அந்தக் கையைக் கட்டிப்புட்டா?"

இரண்டு மணி நேரம் நடந்த தேர்வில் யாரும் இவ்வளவு நேராகக் கேட்கவில்லை.

"கிருமி பெருகாதுங்கய்யா. ஆனா கயிறு இன்னும் கிடைக்கல" என்றேன்.

"தேடுங்க தாயி" என்று சொல்லிவிட்டு, ஒரே மடக்கில் காபியைக் குடித்தார்.